ஏ.சி.க்கு ஒரு பூத்துணி

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு வீட்டு மாடியில் நானும் ஒரு இன்ஜினியரும் குடியிருந்தோம். நான் ஒரு பத்திரிகைக்கு அந்தக் கடலோரத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் திருநெல்வேலிக்காரர். கல்பாக்கத்தில், இயந்திரங்களை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கருவிகளோடு வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு சைக்கிள்.

கீழே வீட்டுக்காரர் பாய். பெயின்ட், கயிறு, ஆணி விற்கிற கடை. அவருடைய ஒரே மகளுக்கு அந்த வருடம்தான் நிக்காஹ் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் உத்தியோகம். அங்கே வீடு கிடைக்கும்வரை பெண் அத்தா வீட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, கைக்குட்டையால் விசிறிக்கொண்டே சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பார். அவருடைய ஆபீஸ் ஏ.சி. ஆபீஸ். எங்கள் ஊர் வெக்கை அவருக்கு ஒத்துவரவில்லை.

“காலைல ஆபீஸ் இருக்கு மாமா” என்பார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“இன்னா மச்சான், உன் மாப்ள இன்னா ஐஸ்கட்டியா? ஒரு ராத்திரி தங்கினா கரைஞ்சிடுவாரா?” என்று பாயைக் கேட்டார் அவர் மைத்துனர். கடையிலும் வீட்டிலும் பாய்க்குத் துணையாக இருந்தவர். துணையை விடப் பேச்சு அதிகம். அந்தக் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். பெண் மட்டும் எழுந்து உள்ளே போனாள்.

அதற்கடுத்த வாரம் பாய் ஏ.சி. வாங்கினார்.

சென்னையில் யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது விற்ற பழைய மிஷின். மீன் ஏற்றிப் போன வேன் திரும்பி வரும்போது அதை ஏற்றி வந்தது. முதல் இரண்டு நாள் குளிர்ந்த காற்றில் லேசாக வஞ்சிரம் அடித்தது. ஜன்னலை இடித்து மரச்சட்டம் வைத்து அதை உட்காரவைத்தார்கள். முகப்பில் இரண்டு திருகு. ஒன்றில் நான்கு இடங்கள்: நிறுத்தம், வெறும் காற்று, லோ, ஹை. இன்னொன்றில் ஒன்று முதல் பத்து வரை எண்கள்.

அந்த வீட்டில் எந்த மிஷினையும் வெறும் உடம்போடு விடுவதில்லை. ரேடியோவுக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை, டெலிபோனுக்கும் ஓரத்தில் சரிகை வைத்த உறை. ஏ.சி.க்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? பெண் கனத்த சாட்டின் துணியில் ரோஜாக்கொடி போட்டாள். இலைக்கு ஒரு பச்சை, நரம்புக்கு வேறு பச்சை. கீழே சுருக்கு வைத்த விளிம்பு. மிஷினின் தலையிலிருந்து கால்வரை தொங்கியது. பார்த்தால் உள்ளே இருப்பது ஏ.சி.யா, கல்யாண மேடையா என்று சந்தேகம் வரும். மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பதற்காகப் போட்ட பூ. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை இந்த முறை நிச்சயம் தங்குவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர் வரவேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின நாள், பாய் மூச்சிறைக்க மாடியேறி வந்தார்.

“சார், காத்து வருது, குளிர் வரல. இன்னா பேஜாரு இது? நாளைக்கி மாப்ள வராரு.”

கீழே போனோம். மைத்துனர் எண் திருகைப் பத்தில் வைத்து இன்னும் திருக முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்துவார், உடனே போடுவார். மிஷின் ‘ம்ம்’ என்று முனகி ‘டக்’ என்று விழுந்தது.

“அத முதல்ல விடும்” என்றார் இன்ஜினியர். “கம்ப்ரஸர் நின்னா, உள்ள ஒரு பக்கம் அழுத்தம் ஏறிக் கெடக்கும். அது சமனாக ரெண்டு மூணு நிமிஷம் வேணும். நீரு ஒடனே போட்டா அது எப்படிச் சுத்தும்? காந்திப்போவாம இருக்கத்தான் தானா கட் பண்ணிக்குது.”

“பத்துல வச்சா சீக்கிரம் குளிரும்னு...”

“வேகத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே கிடையாது. நம்பர் கூடக்கூட, ரொம்பக் குளிர்ந்த பெறகுதான் நிக்கும்.”

அவர் பூத்துணியை எடுத்து மடித்துப் பெண்ணிடம் கொடுத்தார். முகப்பைக் கழற்றி எனக்குக் காட்டினார். நான் கேட்காவிட்டாலும் காட்டுவார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டு திருகும் இரண்டு வெவ்வேறு அதிகாரிகள் என்று புரிந்தது. ஹை, லோ என்பது விசிறியின் வேகம். விசிறி மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுற்று இருக்கிறது. ஹையில் வைத்தால் மின்சாரம் குறுக்கு வழியில் போகும், விசிறி வேகமாகச் சுற்றும். லோவில் வைத்தால் கூடுதலான சுற்று வழியாகப் போகும், விசிறி நிதானமாகும், சத்தமும் குறையும். குளிரை உண்டாக்கும் கம்ப்ரஸருக்கு அந்த வேக வித்தியாசம் இல்லை. ஓடும், அல்லது நிற்கும். எப்போது ஓடுவது என்று சொல்வது எண் திருகு. அதோடு ஒரு மெல்லிய செம்புக்குழாய் சேர்ந்திருந்தது. அதன் நுனி, அறைக் காற்றை மிஷின் உள்ளே இழுக்கும் வாயில் நின்றது. குழாய்க்குள் வாயு. வருகிற காற்று சூடாக இருந்தால் வாயு விரிந்து சுவிட்சைத் தள்ளும், கம்ப்ரஸர் ஓடும். காற்று போதுமான அளவு குளிர்ந்தால் வாயு சுருங்கும், கம்ப்ரஸர் நிற்கும், விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

“நாம அதுக்கு உத்தரவு போடல. எந்தக் குளிர்ல நிறுத்தணும்னு சொல்லிவைக்கோம், அவ்வளவுதான். மத்ததை அது மூக்கால மோந்து பாத்து முடிவு பண்ணும்.”

வோல்டேஜைப் பார்த்தார், சரி. குழாய் நுனியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினார். கம்ப்ரஸர் ‘தடக்’ என்று ஓடத்தொடங்கியது. அறை குளிர்ந்தது. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முகப்பை மாட்டிவிட்டு மாடிக்கு வந்தோம். டீ ஆறுவதற்குள் மைத்துனர் வந்து நின்றார்.

“திரும்ப வெறுங்காத்து. நீ இருந்தா ஓடுது, நீ போனா நின்னுக்குது. இஞ்சினியர் சாரு, பேசாம மாப்ளயோட நீயும் அங்கயே படுத்துக்கினா இன்னா?”

மறுபடி கீழே. மறுபடி துணி, முகப்பு, குழாய். மறுபடி நன்றாக ஓடியது. இன்ஜினியருக்கு நெற்றி சுருங்கியது.

“நான் போன பெறகு இங்க என்ன நடந்தது?”

“இன்னா நடக்கும்? நாங்க யாரும் தொடல” என்றார் பாய்.

வாசற்படியில் நின்ற பெண், மடித்த துணியை மார்போடு வைத்துக்கொண்டு சொன்னாள்: “நான் இதப் போட்டேன்.”

இன்ஜினியர் துணியை வாங்கித் தொங்கவிட்டார். ஹையில் துணி மிஷினின் வாயோடு போய் ஒட்டிக்கொண்டது. லோவுக்கு மாற்றினார். துணி தளர்ந்தது. ஆனால் மேலே வெளிவந்த குளிர் துணிக்குள்ளேயே இறங்கி, கீழே வாய்க்குத் திரும்பியது. சிறிது நேரத்தில் ‘டக்’. துணிக்குப் பின்னால் மார்கழி, அறையில் சித்திரை. மிஷின் தன் குளிரையே மோந்து, வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது.

“கொஞ்சம் தூக்கிக் கட்டினா, சார்?” என்று பெண் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோஜாக்களைப் பார்த்தேன்.

“எங்க தூக்கினாலும் ஒண்ணு குளிர் வர்ற வழியை அடைக்கும், இல்ல மூக்கை அடைக்கும்மா.”

“அழகா கீதே, நடுவுல வெட்டிடலாமா?” என்றார் மைத்துனர்.

“மாமா, நீங்க சும்மா இருங்க” என்றாள். துணியை அவளே எடுத்துக்கொண்டு போனாள். அன்று அவள் சாப்பிட வரவில்லை என்று பாய் சொன்னார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். ஏ.சி. வெறும் மர முகத்தோடு ஓடியது. ரிப்பேர் செய்ததே தான்தான் என்பதுபோல மைத்துனர் அதன் பக்கத்தில் நின்றார். “ஹைலயே இருக்கட்டும் மாப்ள, பத்துலயே இருக்கட்டும். யாரும் திருகக்கூடாது.” மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எதையும் தொட்டுத் திருகத் தயக்கம். சாயங்கால பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்தது. அவர் அதில் இல்லை.

காலையில் பல் துலக்க மாடிச் சுவரோரம் வந்தபோது கீழே முற்றத்தைப் பார்த்தேன். வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்திருந்தார். தோள் முழுக்க ரோஜாக்கொடி, சுருக்கு விளிம்பு முழங்கால்வரை.

“இன்னா மாப்ள, காய்ச்சலா?” என்றார் மைத்துனர்.

“இல்ல மாமா, குளிரு தாங்கல. நல்லவேளை, இது இருந்துச்சு.” அவர் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். “இலைக்கு ஒரு பச்ச, நரம்புக்கு ஒரு பச்ச. யாரு போட்டது?”

சமையலறை வாசலில் பெண் நின்றாள். இன்னொரு டம்ளர் டீ எடுத்துவர உள்ளே போனாள்.

என் பக்கத்தில் வந்து நின்ற இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். “நம்பரைக் குறைங்கன்னு சொல்லிட்டு வரட்டா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.