புள்ளி தெரியாத மானிட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில்ல, 'ஆன் ஆகல'ன்னு போன் வந்தா நிம்மதியா சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் கிளம்புவேன். 'மங்கலா தெரியுது'ன்னு வந்தாத்தான் பாதிச் சாப்பாட்டுலயே எந்திரிச்சுடுவேன். ஆன் ஆகாதது எல்லாருக்கும் தெரியும். மங்கல் அப்படியில்ல, அதைப் பாக்குற ஆளே நம்ம கண்ணுதானோன்னு சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு மானிட்டரை வச்சுக்கிட்டு, ஒண்ணு பளிச்சுன்னும் இன்னொண்ணு கஞ்சி படிஞ்ச மாதிரியும் தெரியுதேன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டிருக்கிற மக்களே, இதைப் படிச்சா நீங்க என்னைத்தான் திட்டுவீங்க. திட்டிக்கங்க. திண்டுக்கல்ல ஒரு பிரஸ்ல நான் பண்ணுன கூத்துல ஒரு அக்காவுக்கு வேலையே போகப் பாத்துச்சு.

பெரிசு வந்த நாள்

அந்த பிரஸ்ல முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். டைப் அடிச்சு டிசைன் பண்றது ஸ்டெல்லாக்கா. பதினெட்டு வருஷமா அதே நாற்காலி. ஓனர் நாகராஜண்ணன் புது லேப்டாப்பும், அது பக்கத்துல வைக்க இருபத்திநாலு இஞ்ச் மானிட்டரும் வாங்கினார். ரெண்டையும் இணைச்சுக் கொடுத்தது நான்தான்.

லேப்டாப் திரை சின்னது, அதனால அதுல எழுத்தை நூத்தம்பது சதவீதமாப் பெருக்கி வச்சிருக்கும். பெரிய மானிட்டருக்கு நூறே போதும். இந்தச் சதவீதத்துக்குப் பேருதான் ஸ்கேலிங். அக்கா வச்சிருக்கிற பழைய டைப்பிங் சாப்ட்வேருக்கு இந்த வித்தியாசமெல்லாம் புரியாது. லேப்டாப்புக்குன்னு வரைஞ்ச எழுத்தைச் சுருக்கிப் பெரிய மானிட்டர்ல ஒட்டும், எழுத்து மங்கிடும். அதுக்குப் பெரிசை மெயின் திரையா மாத்திட்டு, ஒருதடவை சைன் அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வரணும். மாத்திட்டேன். ஆனா அக்கா ஆறு பத்திரிகையைத் திறந்து வச்சிருந்துச்சு. 'அப்பறமா நீங்களே சைன் அவுட் பண்ணிக்கங்கக்கா'ன்னுட்டு நான் வண்டியை எடுத்துட்டேன். பாதி வேலை அப்படியே இருக்கட்டும்னு தினமும் லேப்டாப்பை மூடி மட்டும் வைக்கிற பழக்கம் அதுக்கு, சைன் அவுட்டே பண்ணாது. நான் கிளம்பும்போது திரையைத் துணியால துடைச்சுக்கிட்டே சொல்லுச்சு:

"இம்புட்டுப் பெரிசா இருந்தா இனிமே பிழைங்கிற பேச்சுக்கே இடமில்ல தம்பி."

நான் டாக்டரானது

பத்து நாள் கழிச்சு அக்கா போன் பண்ணுச்சு. நான் குஜிலியம்பாறை ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழட்டாம போனைக் காதுல வச்சுக் கேட்டேன். எழுத்து மங்கலா இருக்காம், மெய்யெழுத்து மேல புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியலையாம்.

மத்த சாப்ட்வேர்லயும் மங்குதான்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். வெயிலு மண்டையைப் பொளக்குது, எனக்கு அவசரம். 'உங்களுக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சுல்லக்கா, பவர் ஏறியிருக்கும், கண்ணை செக் பண்ணுங்க'ன்னுட்டேன். இதைச் சொல்றதுக்கு நான் எந்தக் காலேஜ்ல படிச்சேன்னு கேக்காதீங்க. அக்கா கேட்டுச்சு:

"அப்ப மானிட்டர் மேல தப்பே இல்லைங்கிறியாப்பா?"

ஒரு புள்ளியால வந்தது

அடுத்த போன் ஓனர்கிட்ட இருந்து. டைப் அடிக்க நல்ல ஆள் இருந்தா சொல்லுன்னார். ஸ்டெல்லாக்காவுக்கு என்னன்னு கேட்டேன். கண்ணு போச்சுப்பா, தினமும் எரியுதுங்குது, அதுவே ஒத்துக்கிருச்சு, மாசக் கடைசியோட நின்னுக்கிறேங்குதுன்னார்.

நடந்தது இதுதான். அகரத்துல இருந்து ஒருத்தர் மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்திருக்கார். அக்கா 'திருமண அழைப்பிதழ்'னு அடிச்சதுல 'ண' மேல எப்படியோ ஒரு புள்ளி விழுந்து 'திருமண் அழைப்பிதழ்' ஆயிருச்சு. பெருமாளுக்கு நெத்தியில போடுற நாமக்கட்டிதானே திருமண். புரூப்பை போன்ல பார்த்து ஓகே போட்டதும் அவருதான், ஆனா அதையெல்லாம் கஸ்டமர்கிட்ட பேச முடியுமா? அஞ்சு ஊருக்குக் கொடுத்த பிறகு ஒரு வாத்தியார் தப்பைக் காட்டியிருக்கார். மனுஷன் மிச்சக் கட்டைத் தூக்கிட்டு வந்து மேசையில போட்டாராம்.

"எனக்கு நாமம் போடணும்னா நேரா போட வேண்டியதுதானேப்பா, அதை எதுக்குப் பத்திரிகையா அடிச்சு நானே ஊரெல்லாம் கொடுக்கும்படி வச்சே?"

மர ஸ்கேல்

அதே வாரம் ஒட்டன்சத்திரத்துல ஒரு காய்கறி கமிஷன் மண்டியில இருந்து கூப்பிட்டாங்க. அங்கயும் ரெண்டு மானிட்டர், ஒண்ணு மங்கல். போன்லயே, 'ஸ்கேலிங் சரியில்லைங்க, வந்து பாக்குறேன்'னு சொல்லியிருந்தேன். போய் நின்னா, கணக்குப்பிள்ளை மர ஸ்கேலும் பென்சிலுமா ரெண்டு மானிட்டரையும் நீளம் அகலம் அளந்து, ஒரு அட்டையில எழுதித் தயாரா வச்சிருக்கார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அங்க இருந்ததும் பழைய சாப்ட்வேர்தான். மெயின் திரையை மாத்திட்டு, சைன் அவுட் பண்ணி உள்ள வந்தேன். எழுத்து கழுவி விட்ட மாதிரி வந்துச்சு. அப்பத்தான் எனக்குச் சுரீர்னுச்சு. பிரஸ்ல நான் சைன் அவுட் பண்ணவே இல்ல. கண்ணு மங்குனா எல்லாமே மங்கணும், ஒரு சாப்ட்வேர் மட்டும் எப்படி மங்கும்? பையை மாட்டிக்கிட்டு ஓடப் பாத்தவனைக் கணக்குப்பிள்ளை மறிச்சார்.

"ஏனுங்க தம்பி, அளந்து வச்சேனுங்களே, இதுல எத்தனை இஞ்சுங்க குறைச்சீங்க?"

ஆள் தேவை

நேரா பிரஸ்ஸுக்குப் போனேன். ஸ்டெல்லாக்கா புதுக் கண்ணாடி போட்டு, மானிட்டர்கிட்ட மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு ஏதோ அடிச்சுக்கிட்டிருந்துச்சு. எட்டிப் பாத்தேன். 'டைப் அடிக்க ஆள் தேவை.' வாசல்ல ஒட்டுறதுக்கான நோட்டீஸ். தன் இடத்துக்கு ஆள் கேக்குற நோட்டீஸைத் தானே அடிச்சுக்கிட்டிருக்கு.

'எல்லாத்தையும் சேவ் பண்ணி மூடுங்கக்கா'ன்னேன். சைன் அவுட் பண்ணி உள்ள வந்து, அந்த நோட்டீஸையே மறுபடி திறந்தேன். அக்கா பழக்கத்துல முன்னாடி குனிஞ்சுச்சு, அப்பறம் மெதுவா நிமிர்ந்து நாற்காலியில சாஞ்சு உக்காந்துச்சு. 'ள்' மேல புள்ளி தெரியுதுன்னுச்சு. உள்ள இருந்து வந்த நாகராஜண்ணன் திரையைப் பாத்தார், அக்காவைப் பாத்தார், நோட்டீஸை மூடச் சொல்லிட்டு டீ வாங்கிட்டு வாரேன்னு வெளிய போயிட்டார். 'தப்பு என்மேலதான்க்கா, அன்னைக்கு முடிக்காமப் போயிட்டேன், போன்லயும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்'னு சொன்னேன். கண்ணுல ஒண்ணுமில்லைன்னுதான் டாக்டரும் சொன்னாராம், கண்ணாடி அக்காவாக் கேட்டு வாங்கினதாம். அவர் தன்கிட்ட மறைக்கிறார்னு அக்கா நினைச்சிருக்கு. அப்படின்னா தினமும் கண்ணு எரியுதுன்னு ஓனர்கிட்ட சொன்னீங்களாமே, அது எதனாலன்னு கேட்டேன்.

"அழுதா எரியாதாப்பா?"

மானிட்டர் வேலையை இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்; கண் டாக்டர் வேலையை மட்டும் அன்னைக்கோட விட்டுட்டேன்.