கிளட்ச் கால்

என் வீட்டுக்காரர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவர். நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாங்காய் சீசனில் இருவருமே தூங்குவதற்கு மட்டும்தான் வீட்டுக்கு வருவோம். அப்படி ஒரு கோடையில் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியது.

கிளட்ச் மிதிக்கிற கால், வலிக்கத்தான் செய்யும் என்றார். நானும் தைலம் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். மறுநாள் அந்தக் காலில் பேண்ட் ஏறவில்லை. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது, தொட்டால் சுட்டது. ஆலையில் லீவு சொல்லிவிட்டு அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் எங்கே எப்படி பிரேக் போடுகிறார் என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். காலுக்குள் ஆழத்தில் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, இனிமேல் காலைத் தேய்க்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தெலுங்குக்காரர், எங்களுக்காகப் பாதி தமிழில் பேசினார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தார்.

"டூட்டில குடிக்கிறதில்ல மேடம். குடிச்சா எறங்கணும். வண்டி நெறைய ஜனத்த வெச்சிக்கினு எங்க எறங்கறது?"

உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும், நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து கொடுத்தால்தான் காலிலுள்ள ரத்தம் ஒழுங்காக மேலே ஏறும், உட்கார்ந்தே இருந்தால் தேங்கும் என்று விளக்கினார். கிளட்ச் மிதிக்கிறேனே என்றார் இவர். ஹைவேயில் எத்தனை முறை மிதிப்பீர்கள் என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டதும் இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சில நாட்கள் வயிற்றில் ஊசி போட்டார்கள். பிறகு மாத்திரை, அதுவும் மாதக்கணக்கில். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மாத்திரை முடியும்வரை வண்டி ஓட்டக்கூடாது. பஸ் முதலாளி அவரை ஷெட்டில் உட்கார்ந்து டிரிப் நேரம் பார்க்கச் சொன்னார்.

எல்லோரும் அதை ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்றே சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். ஒருநாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் லேசாக வெட்டிக்கொண்டார். விரலில் ரத்தத்தைத் தொட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணியா ஒண்ணும் இல்லியே என்று என்னிடம் காட்டினார். தண்ணீராக இல்லைதான், ஆனால் நிற்க வெகுநேரம் ஆனது.

அடுத்த முறை போனபோது அதைக் கேட்டேவிட்டார். மாத்திரை ரத்தத்தின் கெட்டித்தன்மையைத் தொடுவதே இல்லையாம், உறைவதைத் தாமதப்படுத்துவதோடு சரியாம். உண்மையில் இளக்குவது தண்ணீரும் தினசரி நடையும்தான், தொடர்ந்து நடக்கிறவர்களின் ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடுகிறது என்றார் டாக்டரம்மா. வெயிலில் வியர்க்க வியர்க்க உழைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நேர்மாறாகும். கீரை அந்த மாத்திரையை முறிக்கும் என்று யாரோ சொன்னதால் நான் கீரையை அடியோடு நிறுத்தியிருந்தேன். அதுவும் தவறு, வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும் என்றார்.

அதற்குப் பிறகு காலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். வீக்கம் வடிந்தது. எண்ணும் சொன்ன இடத்தில் நின்றது. அந்தத் தைரியத்தில், யாரிடமும் கேட்காமல், திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலைக்குப் படி வழியாக நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன். தண்ணீர் பாட்டிலை நானே சுமந்து, படிக்குப் படி நின்று குடிக்க வைத்தேன். தரிசனம் நன்றாகவே கிடைத்தது. இறங்கும்போது பஸ்ஸில்தான் இறங்கினோம், ஆனாலும் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். வாஷ்பேசின் மேல் குனிந்து நின்றிருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நிக்கவே மாட்டேன்னுது" என்றார்.

"வேற மாத்திர எதனா போட்டீங்களா?"

"முட்டி வலிக்குதுன்னு நம்ம வண்டி கண்டக்டரு குட்த்தாரு. நேத்தும் போட்டுக்கினேன்."

மூக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, அவர் மூக்கில் வைத்துப் பிடித்த என் துப்பட்டா நனைந்துகொண்டே இருந்தது. மூக்கில் பஞ்சு வைத்து அடைத்தார்கள். பரிசோதித்ததில் எண் ஏகத்துக்கு ஏறியிருந்தது. இந்த மாத்திரையோடு வலி மாத்திரை சேரவே கூடாது, வயிற்றுக்குள் கசிந்திருந்தால் வெளியே தெரிந்திருக்காது என்றார்கள்.

திருப்பதிக்குப் போனபோது டாக்டரம்மா கோபப்படவில்லை.

"நடங்கன்னுதானே சொன்னேன், மலை ஏறுங்கன்னா சொன்னேன்?"

"அதுவும் நடக்கறதுதானே மேடம்" என்றார் இவர். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கண்டக்டருக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்தார். நல்லதுக்குக் கொடுத்தது இப்படி ஆகிவிட்டதே என்று வாசலிலேயே நின்றார். இவர்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

மழைக்காலம் முடிந்தபோது மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய் திறந்திருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பயந்தார். அதன் பிறகு சில வாரங்கள், காலையில் எழுந்ததும் இரண்டு கெண்டைக்காலையும் அமுக்கிப் பார்த்து, ஒரே மாதிரி இருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொல்வார்.

மறுபடி ஓட்டச் சொல்லி வண்டியைக் கொடுத்தபோது, பெரிய நிறுத்தங்களில் இறங்கி நடப்பேன், சம்மதமென்றால் ஓட்டுகிறேன் என்று முதலாளியிடம் அவர் சொன்னாராம். முதலாளி ஒத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதிக்கு அவர் பஸ்ஸிலேயே போனேன். சந்திரகிரியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார், பிறகு இன்னொரு சுற்று. எனக்கு முன் சீட்டிலிருந்த பெண், டிரைவர் எதற்காக உலாத்துகிறார் என்று தெலுங்கில் கண்டக்டரிடம் கேட்டார். டயர் பார்க்கிறார் என்றார் கண்டக்டர். அது இவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பின் டயரைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து ஏறினார்.