முதல் லேபில் நின்றது எங்கள் என்ஜின்

படப்பை ரோட்டில் செங்கல் சூளை, தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை, பொழிச்சலூரில் நாலு மாடி வீடு. எல்லாம் நான் எழுப்பியது. ஏழாவதோடு படிப்பை விட்டவன், பின்னால் நிற்க ஒரு ஆளில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், பத்து வயதில், ஒரு இன்ஜினியரிங் காலேஜைக் காப்பாற்றியவன் நான். காலேஜ் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்களே, அதைத்தான் எழுதுகிறேன்.

இன்று தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகி வானத்தை மறைத்து நிற்கிற உங்கள் காலேஜ், அன்று எங்கள் கழனிக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டுக் கொட்டகை. என் தாய்மாமன் அங்கே அட்டெண்டர். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, லேபில் மெஷின் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தந்தால்தான் காலேஜ் நடக்கும். மாமாவின் வேலை நிலைத்தால்தான் பெண் தருவோம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை கிணற்றடிக்குப் போனால், தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜினைக் காணோம். நெல் பால்பிடிக்கிற சமயம். தண்ணீர் நின்றால் பதர்தான். மண்ணில் வண்டித் தடம் தெரிந்தது. அழுதுகொண்டே அதன் பின்னால் ஓடினேன். தடம் காலேஜ் கொட்டகைக்குள் போனது.

உள்ளே சிமெண்ட் மேடைமேல், பச்சை பெயிண்ட் காயாமல், எங்கள் என்ஜின். சுற்றிலும் பார்வையிட வந்த பெரியவர்கள். நடுவில் மாமா, லேப் வாத்தியார் போலக் கழுத்தில் டையோடு. டையைப் பார்த்ததும் அழுகைகூட நின்றுவிட்டது.

"யாரு இந்தப் பையன்?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

"பக்கத்து வூட்டுப் புள்ள சார். மெஷின்னா உயிரு" என்றார் மாமா.

"இது என்ன மெஷின்னு தெரியுமா தம்பி?" என்று மூத்தவர் என்னைக் கேட்டார்.

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. 'எங்களுது' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலேஜே போய்விடும். அதிர்ச்சியில் வாய் திறக்கவே வரவில்லை.

மூத்தவர் குனிந்து, என்ஜினின் சக்கர இடுக்கில் சிக்கியிருந்த நெல்தாளை மெல்ல உருவி என் கையில் வைத்தார். "இத வெளிய போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

அனுமதி வந்தது. மாமாவுக்குக் கல்யாணமும் ஆனது. என்ஜினை மாட்டைப் பூட்டி இழுத்துப் போய் இரவல் கொடுத்தவரே என் அப்பாதான். வீட்டில் எனக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கியும் விட்டுக்கொடுத்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அவரை நான் ஏமாற்றிவிட்டதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன்.

மலரின் முதல் பக்கத்தில் நிறுவனர் படத்தைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதல் லேப் என்று எழுதுகிற இடத்தில் எங்கள் என்ஜினும், அன்று வாயைத் திறக்காத என் பெயரும் வந்தாக வேண்டும். இனிஷியலோடு.