அண்ணனும் அவர் சேர்த்த படைச் சின்னங்களும்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் கணக்குப் படிப்பித்த ஆசிரியர், ‘கணக்கு சேர்’. எனக்கு அவர் அண்ணன் மட்டுமல்ல, அப்பா இருந்த இடத்தில் இருந்தவரும் அவர்தான். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கலாம். ஆனால் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான் ஒருத்திதான்.

கண்டிப் பக்கம் வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா தோட்டத்து மருந்தகத்தில் உதவியாளராக இருந்தார். அண்ணன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காய்ச்சலில் காலமானார். தோட்டத்து வீட்டை விட வேண்டிவந்தது. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறைக்கு வந்து, கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் படிப்பை விடவில்லை. பாடசாலை விட்டதும் கண்டி நகரத்தில் ஒரு ஹாஜியாரின் பழைய சாமான் கடைக்குப் போய்ப் பித்தளைச் சாமான்களைத் துலக்கிக் கொடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் பச்சை படிந்திருக்கும்.

அந்தக் கடையில்தான் முதல் சின்னம் அவர் கைக்கு வந்தது. பழைய துரை பங்களா ஒன்றிலிருந்து வந்த பொத்தான் பெட்டிக்குள் அது கிடந்தது. குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள், அவற்றின் நடுவே மேலே ஓர் இலக்கம். உலகப் போர்க் காலத்தில் பேராதனைப் பக்கம் முகாமிட்டிருந்த வெளிநாட்டு அதிகாரி யாரோ விட்டுப்போனதாக இருக்க வேண்டும். அண்ணன் அதைத் துலக்கி நீட்டியபோது ஹாஜியார், “ஒனக்கு வேணுமென்டா வெச்சிக்கோ மகன், இத யாரும் கேட்டு வர மாட்டாங்க” என்றாராம்.

பிறகு அண்ணன் அதைப் பற்றித் தேடிப் படித்தார். துப்பாக்கி என்றால் காலாட்படை, வாள் என்றால் குதிரைப்படை, பீரங்கி என்றால் பீரங்கிப்படை. அதிகாரிகள் சட்டைக் கொலரில் குத்திக்கொள்ளும் சின்னத்தில் அவர்களுடைய படையணியின் இலக்கமும் சேர்ந்திருக்கும். இலக்கம் இல்லாத சின்னத்தை யாராவது கொடுத்தால் அண்ணன் மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நம்பர் இல்லாதது கடையில தொங்குற சட்டை மாதிரி. நம்பர் இருந்தா, அத ஒரு ஆள் போட்டிருந்தார்னு தெரியுது” என்றார்.

ஆசிரிய நியமனம் கிடைத்து வத்தேகமப் பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகும் அவர் வேறு எந்தப் பழக்கத்துக்கும் ஆளாகவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் பழைய சாமான் கடைகள். வீட்டில் கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகைகளில் படைவாரியாக, இலக்க வரிசையில் குத்தி வைப்பார். அடுத்த வீட்டில் இருந்த சிங்களவர், இராணுவத்தில் ஓய்வுபெற்ற கப்டன் மாத்தையா, பூதக்கண்ணாடியோடு வந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணனை அவர் ‘மல்லி’ என்று தம்பி முறை வைத்தே அழைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கெலிஓயாவில் ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். நாள் குறிப்பது மட்டும் பாக்கி.

உள்நாட்டு யுத்த காலம் அது. ஒரு காலையில் எங்கள் தெருவில் பொலிசாரின் தேடுதல் நடந்தது. வந்தவர்கள் அலுமாரியைத் திறந்ததும் வெல்வெட் பலகைகளைப் பார்த்தார்கள். தமிழர் வீட்டில் இராணுவ அதிகாரிகளின் சின்னங்கள். அண்ணன் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். இவை நம் நாட்டுப் படையினுடையவை அல்ல, வேறு நாட்டினுடையவை, பழைய யுத்தத்தில் வந்தவை என்றார். யாரும் கேட்கவில்லை. ஒரு பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனையும் வாகனத்தில் ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து, “அம்மாவைப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னார்.

வாகனம் போன பிறகு அம்மா அழவில்லை. மீதிப் பலகைகளிலிருந்த சின்னங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகும் பைக்குள் போட்டார். மேலே கொஞ்சம் கீரையை வைத்தார். “வா” என்றார். நான் கூடப் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் நின்று, ஆட்கள் கடந்துபோகும்வரை காத்திருந்து, பையை மகாவலியில் கவிழ்த்தார். கீரை மிதந்து போனது. மற்றவை போன இடம் தெரியவில்லை.

அன்று மத்தியானமே கப்டன் மாத்தையா தம் பழைய சேவை அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்தும் போனார். அவர் ஓயாமல் போய்ப் பேசியதால்தான் அண்ணன் வீடு திரும்பினார். மெலிந்திருந்தார். ஒரு காதில் சரியாகக் கேட்கவில்லை; அது கடைசிவரை சரியாகவும் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

குளித்துவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தார். வெறும் பலகைகள்.

“அம்மா, இதுல இருந்தது?”

“ஆத்துல போட்டுட்டேன் மகன். திரும்பி வந்து பாத்தாங்கன்னா ஒன்ன விட மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அண்ணன் அலுமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு, “சரிம்மா. சோறு இருந்தா போடுங்க” என்றார். அம்மாவைக் குறை சொல்லி ஒரு சொல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

கெலிஓயாக்காரர்கள் ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, “தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள போயிட்டு வந்தவர்னு பொண்ணோட மாமாமாரு பயப்படுறாங்க” என்றார். அண்ணன் அவருக்குத் தம் கையால் தேநீர் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு வந்தார். அதன் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்க எங்களை அனுமதிக்கவில்லை. என் திருமணத்தை முன்னின்று நடத்தினார். என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் படிப்பித்தார். சின்னங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. நகரத்தில் பழைய சாமான் கடைகள் இருக்கும் பக்கம் வந்தால் தெருவின் மறுபுறம் மாறி நடப்பார்.

பல வருடங்கள் அப்படியே போயின. யுத்தம் முடிந்து, அம்மாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள், அம்மா என்னோடு டவுனுக்கு வந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஒருவர் சாவி, பூட்டு, பழைய நாணயம் பரப்பியிருந்தார். அம்மா குனிந்து, விரலால் தடவித் தடவி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். வீட்டுக்கு வந்து அண்ணனின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார்.

“பாரு மகன், நம்பர் இருக்கு. நீ தேடுறது இதுதானே?”

அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுதாம்மா. நல்ல சாமான். எங்க கெடச்சிச்சு?”

அம்மாவின் முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு சமையலறையில் அண்ணனிடம், “எந்தப் படைண்ணே?” என்று கேட்டேன். “செக்கியூரிட்டி கம்பெனி. வாசல்ல நிக்கிற காவல்காரரோட தொப்பிச் சின்னம்” என்றார் மெதுவாக. “அம்மாட்ட சொல்லிடாத.”

அதைப் புதிய வெல்வெட் பலகையின் நடுவில் குத்தினார். அம்மா சாகும்வரை அது அங்கேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் அண்ணன் மறுபடி சேர்க்கத் தொடங்கினார். இணையம் வந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பழக்கமானார்கள். தம் பாட்டனாரின் படையணி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தம்மிடம் இருந்ததைச் சும்மாவே அனுப்பி வைத்தார். ஆனால் ஆற்றில் போன அளவுக்கு மறுபடி சேரவில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. கண்டிக்கும் பேராதனைக்குமாக அலைந்த அந்த நாட்களில் அவர் வலியைச் சொன்னதில்லை. எங்களைச் சிரமப்படுத்துவதற்காகத்தான் வருந்தினார். கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில், “பலகையை விக்காத. யாராவது அவங்க ஆளோட நம்பரத் தேடி வந்தா குடுத்துடு” என்றார். பிறகு என் மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். பதிலுக்காக, நன்றாகக் கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார். மறுநாள் பேச்சில்லை. ஆண்டவர் அவரை அமைதியாக எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்களோடு நின்றவர்களை மறக்க முடியாது. அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்கள், புனித எண்ணெய் தடவி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பங்குத் தந்தை, அடுப்பு மூட்ட விடாமல் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், மழையில் நனைந்துகொண்டு பெட்டியைச் சுமந்த தோட்டத்து உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி சொல்லத் தவறியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்டன் மாத்தையாவுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதாது. அடக்கத்தன்று கைத்தடியோடு அவர் வந்தபோது, அண்ணனுக்கு நாங்கள் கருநீலக் கோட் போட்டிருந்தோம். அதன் கொலரில் நான் ஒரு சின்னத்தைக் குத்தியிருந்தேன். அவர் பெட்டிக்கு அருகே வந்து அதைப் பார்த்தார்.

“நங்கி, அது கழட்டுங்க” என்றார், என்னைத் தங்கை முறை வைத்து.

“அவர் ஆசையாச் சேர்த்தது மாத்தையா.”

“தெரியும். ஆனா மல்லி ஒருநாளும் போட்டது இல்ல. நான் ஒருதரம் சொன்னேன், போடுங்க, ஒரு படம் எடுப்போம் என்டு. ‘இது வேற ஆளுங்களோடது, நான் பாத்துக்கிறது மட்டும்தான்’ என்டு சொன்னார்.”

அவரே குனிந்து அதைக் கழற்றி என்னிடம் தந்தார். கோட்டில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. நான் அவற்றை விரலால் தடவி மூடப் பார்த்தேன், மூடவில்லை. அப்படியேதான் அண்ணனை மஹியாவ மயானத்தில் மண்ணுக்குக் கொடுத்தோம்.

அன்புத் தங்கை