‘கொஞ்சம்’ பிடிக்காத மாதப்பன்

“கொஞ்சம்னா எத்தனை கரண்டிங்க?” என்று டீக்கடைச் சின்னையனை மாதப்பன் இன்றும் மடக்குகிறான். சர்க்கரை கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டதுதான் சின்னையன் செய்த குற்றம். பதில் எண்ணாக வரும்வரை டீ ஆறிக்கொண்டிருக்கும். ‘கொஞ்சம்’, ‘ஏறக்குறைய’ என்று சொல்லியே நிம்மதியாகப் பிழைத்துவந்த வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்துக்கு, சேலத்தில் ஜாவா புரோகிராமிங் படித்துவிட்டு வந்திருக்கும் இந்தப் பையன் ஒரு சோதனைதான். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஒருநாள் டிரைவரிடம் கேட்டான். “ஏறற வரைக்கும் ஏறலாம் சாமி” என்றார் அவர். மாதப்பன் இறங்கி நடந்தே போனான்.

காப்பி எஸ்டேட் ஆபீசில் தொழிலாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவன் வேலை. கம்ப்யூட்டர் இருக்கும் அறை அவனுடைய சன்னிதானம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மானிட்டருக்குப் பூத்துண்டு போர்த்தியிருக்கிறான். ஏற்காட்டுக் குளிரில் கணக்கெழுதும் ரைட்டர் மரியஜோசப்புக்கு வெறும் கழுத்து, கம்ப்யூட்டருக்குத் துண்டு.

மாதப்பன் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் இதைக் கேட்காமல் தப்ப முடியாது. புரோகிராம் எழுதுகிறவன் முதலில் தொழிலாளி என்றால் யார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும்: பேர் என்றால் எழுத்து, வயது என்றால் எண், பிறந்தது என்றால் தேதி. இதற்கு கிளாஸ் என்று பெயர். ஜாதகக் கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, வருகிற விவரம் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கத் தனியாக விதிகள் எழுத வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மாதப்பன் ஒழித்துவிட்டான். அவன் செய்துவைத்திருக்கும் குட்டிப் புரோகிராம் ஒன்று கிளாஸைப் படித்துப் பார்த்து விதிகளைத் தானே எழுதிவிடும். “நான் ஒரு விதியும் எழுதறதில்லீங்க. அதுவா வருது” என்பான். பழி தன்மேல் விழாமல் இருக்க மனிதன் இதைவிட வசதியான வாக்கியத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அதுவாக வந்த விதி குப்பாயியைத் தள்ளிவிட்டது. காப்பிப் பழம் பறித்தே முதுகு வளைந்தவள். கம்ப்யூட்டரில் பேர் ஏறிய தொழிலாளிகளுக்குத்தான் எஸ்டேட் கட்டித் தரும் புது லயன் வீடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவளுடைய பழைய வீட்டில் கூரை பாதி, வானம் பாதி. மழையோ அடிவாரத்துக்கு வந்துவிட்டது. பிறந்த தேதியைக் கேட்டதற்கு, “நாப்பதோ அம்பதோ இருக்குமுங்க” என்றாள். “‘ஓ’வுக்கெல்லாம் இதுல எடமில்லீங்கம்மா” என்று அனுப்பிவிட்டான். ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடச் சொன்னார் ரைட்டர். “பொய் சேந்தா அத்தனையும் கெட்டுப்போயிருமுங்க” என்று மாதப்பன் கொதித்தான்.

இதற்கு நடுவில் ஏற்காட்டின் மே மாத நாய்க் கண்காட்சி வந்தது. துரைமார் நாய்களையும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டுமென்று மேனேஜருக்கு ஆசை. நேரம் இல்லை. மாதப்பன் தொழிலாளிக் கட்டத்தையே எடுத்து, ஜாதி, உயரம் இரண்டையும் சேர்த்து, நாயாக்கினான். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னதும் தளர்த்தினான். மற்ற விதிகள் அப்படியே வந்தன. தகப்பன் பேர் உண்டா? உண்டு. பிறந்த தேதி? உண்டு, காகிதத்தோடு. “பாருங்க, ஒரு நாயிகூட ரிஜெக்ட் ஆவல!” என்று மாதப்பன் பூரித்துப்போனான்.

வீட்டுப் பட்டியலை மூடும் நாளன்று குப்பாயி மறுபடி வந்து வாசலில் நின்றாள். ரைட்டர் நாய்ப் பட்டியலை உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “ராக்கி, தகப்பன் பேர் பிரின்ஸ், கல்யாணம் ஆகவில்லை, பிறந்த தேதி மார்ச் நாலு...”

“அது நாயிங்களா?” என்றாள் குப்பாயி.

“ஆமாம்மா.”

“என்னையப் பெத்தப்ப எங்காத்தா கூடையோட காட்டுல நின்னாளாமுங்க. எழுதி வெக்க ஆளில்ல.” உள்ளே திரும்பி, “ஏனுங்க சாமி, அந்த நாயி தேதியவே எனக்கும் போட்டுருங்க. அது கோவிச்சுக்காது” என்றாள்.

ரைட்டரின் சிரிப்பு நின்றது. மாதப்பன் மட்டும் நியாயம் பேசினான். “போட்டா உங்களுக்கு அஞ்சு வயசுதான் வருமுங்க. விதி ஒத்துக்காது.”

“உனக்குத் தேதி ஆரு சொன்னது கண்ணு?”

“சர்ட்டிபிகேட்ல இருக்குதுங்க. ஜூன் ஒண்ணு.”

“எனக்கும் ஜூன் ஒண்ணுதாம்ப்பா,” என்றார் ரைட்டர். “எங்க ஊர்ல பள்ளிக்கூடம் சேர்ந்த அத்தனை பேருக்கும் ஜூன் ஒண்ணு. தேதி எழுதிப் போட்ட வாத்தியாருக்கு அது மேல அவ்வளவு ஆசை.”

மாதப்பனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. விசைப்பலகையை இழுத்து, ஜூன் ஒன்று என்று அடித்தான். அடுத்த கட்டத்தில் கம்ப்யூட்டர் வருடம் கேட்டுக் காத்திருந்தது.

“வருசமுங்க?”

“நீயே பார்த்துப் போடு சாமி.”

அவன் நாற்காலியைத் திருப்பி முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியை, கண்ணோரத்துச் சுருக்கங்களை, காதருகே நரைத்திருந்த முடியை நிதானமாகப் பார்த்தான். பிறகு திரும்பி, உத்தேசமாக ஒரு வருடத்தை அடித்தான்.