வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை

கல்லீரல் சுருங்கிப் போயிருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம்.

"நான் அந்தக் கருமத்தைத் தொட்டதுகூட இல்லீங்களே" என்றேன்.

"குடிக்காதவங்களுக்கும் வருமுங்கம்மா" என்றார். அவருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு யார் சொல்வது? அங்கே கல்லீரல் கெட்டுச் செத்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஒயின்ஷாப் வாசலில் விழுந்து கிடந்தவர்கள்.

ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரி எதிரில் வந்தாள். "டாக்டர் என்ன சொன்னாருங்க பெரிம்மா?"

"சர்க்கரையாமா, கண்ணு."

சர்க்கரைக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. பந்தியில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பாயசத்தை மறுக்கலாம்.

அவளுக்கு நிஜமாகவே சர்க்கரை. "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கச்சீங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் விடிந்ததும் விரல் குத்திப் பார்க்கும் மெஷினோடு வருவாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகனும் போர் போடும் ரிக் லாரியோடு வடக்கே போன பிறகு, என் வீட்டுக் கதவைத் தட்டியவள் அவள் ஒருத்திதான். ஆளுக்கொரு புது ஊசி. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், ஆனால் எண் நன்றாகத் தெரியும். அவளுக்கு இருநூறு காட்டும். எனக்கு நூறைத் தாண்டாது.

"உங்களுக்கு மட்டும் எப்புடீங்க?"

"வாயைக் கட்டோணும்."

இல்லாத நோயை அடக்கி வைத்திருந்த பெருமை எனக்கு. அதைக் காப்பாற்ற, அவள் சொன்னபடி ராத்திரிச் சோற்றையும் விட்டேன். சாயங்காலம் ஒரு டம்ளர் மோரோடு சரி. ரவிக்கை தோளில் தொங்க ஆரம்பித்தது.

அவள் பேத்திக்குக் காது குத்தினார்கள். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன், பாயசத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். அவள் விளையாட்டுக்கு என் விரலைக் குத்தினாள். முந்நூறுக்கு மேல்.

"மாட்டிக்கிட்டீங்களா! எந்த மூலையில நின்னு பாயசத்தைக் குடிச்சீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்பாட்டுல வர்ற சர்க்கரையைக் கல்லீரல்தான் பிடிச்சு வைக்கோணும். உங்களுதுக்கு அந்தத் தெம்பு இல்லீங்கம்மா. அதனால சாப்பிட்டா ஏறும், பட்டினி கெடந்தா எறங்கிரும். வெறும் வயித்துல பார்த்து ஏமாந்துட்டீங்க" என்றார். ராத்திரிச் சோற்றை விட்டதற்குத்தான் அதிகம் கோபித்தார். பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே தின்னுமாம். படுக்கப் போகுமுன் எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். இட்லித் தட்டு என் மடியில் இருந்தது.

"ஏனுங்க, பார்க்கறதுக்கு முன்னாடியே உண்டுட்டீங்களா?"

சொல்லிவிட்டேன். கல்லீரலை, வெட்கப்பட்டதை, சர்க்கரை என்று சொன்ன பொய்யை, அந்தப் பொய்யே இப்போது நிஜமாக வந்து நிற்பதை. குடிச்சீங்களா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"ரெண்டு வருசமா எங்கிட்டயே பொய்யிங்களா?"

மெஷினை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. குழாயடியில் பார்த்தால் அவள் குடத்தைப் பார்த்தாள். நான் யார் வீட்டு வாசலுக்கும் போய் நின்றவள் அல்ல. பெற்ற மகனுக்கே நானாகப் போன் செய்வதில்லை.

நான்காவது செவ்வாய், இரண்டு தோசை சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவள் கேட்டைத் திறந்து உள்ளே போய் விரலை நீட்டினேன்.

"உண்டுட்டுத்தான் வந்திருக்கறேன். குத்திப் பாரு, சாமி."

அவள் என் விரலைப் பார்த்தாள், என் தொங்கின ரவிக்கையைப் பார்த்தாள். உள்ளே போய் மெஷினை எடுத்து வந்தாள். இருநூற்று எண்பது. இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உக்காருங்க" என்றாள். பெரிம்மா என்று இன்னும் கூப்பிடவில்லை.