ஏரி பார்த்த அறை

எங்கள் ஆட்கள் விடுமுறை என்றால் ஒன்று கனடாவில் கலியாணம், இல்லாவிட்டால் இந்தியாவில் கோயில். நானும் மனைவியும் மொரோக்கோவில் ஒரு பாலைவன நகரத்துக்குப் போகிறோம் என்றபோது, பாரிஸ் லாச்சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

மகள்தான் இணையத்தில் பார்த்துப் பதிவு செய்தாள். அம்மாவுக்கு ஓய்வு வேண்டுமாம். மனைவி விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். வலது தோள் நோவால் நெடுநாள் மருத்துவ விடுப்பில் இருந்தவள், அது முடிந்து இந்த விடுமுறையையும் எடுத்திருந்தாள். திரும்பியதும் வேலை. அங்கே மேற்பார்வை செய்கிற மனுசி அறை வாசலில் நின்று வேலையைப் பார்ப்பார். கை ஏலாது என்று கண்டால் மருத்துவரிடம் அனுப்புவார். மருத்துவர் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்? தோள் சுகம் என்று அவள் சொன்னாள். எனக்கும் நம்புவது வசதியாக இருந்தது.

விடுதி பழையது. படத்தில் ஏரி அதன் படிக்கட்டுவரை வந்து நின்றது. நேரில் தண்ணீரைக் காணக் கண்ணைச் சுருக்க வேண்டும். மழையில்லாமல் ஏரி வற்றி, படகுத்துறை வெடித்த சேற்றின் நடுவில் சும்மா நின்றது. மின்தூக்கி முனகிக்கொண்டு ஏறியது. குழாயில் முதலில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வரும். எனக்கென்னவோ அந்த இடம் பிடித்துக்கொண்டது. காசு கொடுத்து இல்லாத ஏரியைப் பார்க்க வந்த மற்றவர்களும் கதிரைகளில் சாய்ந்து ஏரி இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி வெளியே வரவில்லை. காலையில் அறை துப்புரவாக்க வந்த பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அடுத்த நாளும் அதேதான். வரவேற்பு மேசைக்காரர் என்னைக் கூப்பிட்டு, எங்கள் சேவையில் ஏதாவது குறையா என்று பணிவாகக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்த இடத்திலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள் என்று பொருமிக்கொண்டு, நல்ல ஏச்சுக் கொடுப்பதென்று மாடிக்குப் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கட்டிலுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். மெத்தையின் மூலையை இடது கையால் கிளப்பி, முழங்காலால் தாங்கிப் பிடித்து, துணியைச் செருகினாள். வலது கை சும்மா கூடப் போய் வந்தது. கட்டில் வடிவாக இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இழுத்து நிலத்தில் போட்டாள். மறுபடியும் தொடங்கினாள்.

ஓய்வுக்கு வந்த இடத்தில் இவள் வேலைக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

அவள் என்னைக் கண்டுவிட்டாள். "இஞ்சேருங்கோ, அதிலையே நில்லுங்கோ. அந்த மனுசியும் அதிலைதான் நிப்பா."

நின்றேன். அவள் முழுக் கட்டிலையும் விரித்து முடித்தாள். தலையணையைத் தட்டி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்கோ. நோகுறது தெரியுதோ?"

இல்லை என்று சொல்லிவிட்டு அவளைக் கீழே தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்த ஆறுதல் அவளுக்கு ஒரு வேலைநாள்கூடத் தாங்காது.

"தெரியுது" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. "கையிலையோ, முகத்திலையோ?"

"முகத்திலை."

"அப்ப கையை விட்டிட்டு முகத்தைப் பாருங்கோ" என்று சொல்லி, விரித்த துணியை உருவி எடுத்தாள்.